பச்சை விளக்கும் சாம்பல் வெளியும்

பொருளின்றி உலக வாழ்க்கை இயங்காது. இவ்வுண்மையை மறைக்காமல் எடுத்துரைத்த அறநூல் திருக்குறள். அதன் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலுக்கு உரியவை. ஆயினும் வள்ளுவர் பொருளை நடுவில் வைத்தார். அதற்கு முன்னே அறத்தையும் பின்னே இன்பத்தையும் நிறுத்தினார். தீதின்றி வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்று 'பொருள் செயல்வகை' அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து, இவ்வைப்பு முறைக்கே ஒரு விளக்கம் போல் அமைந்திருக்கிறது. அறத்தை விலக்கிவிட்டுப் பொருளிலிருந்து நேரே இன்பத்திற்குப் பாலம் போட முயன்றால் என்ன நேரும்? இவ்வினாவிற்கு விடையாக ஒரு தனிமனிதனின் வீழ்ச்சியையும் ஒரு நாட்டின் பத்தாண்டு வரலாற்றையும் ஒருங்கே காட்டும் நாவல் ஒன்று அமெரிக்க இலக்கியத்தில் உண்டு. ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு எழுதி, 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நியூயார்க்கில் வெளிவந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' என்பதே அந்நாவல்.

இதனைப் படிப்போர் பலரும் எளிதாக ஒரு நீதியை எடுத்துக்கொள்வர். கேட்ஸ்பி தீயவழியில் பொருள் சேர்த்தான். ஆதலால் அழிந்தான் என்பதே அது. தேர்வுத் தாளுக்கு அது போதுமான விடையாகத் தோன்றலாம். ஆனால், கதையை உற்று நோக்குவோர்க்கு அவ்விடை நிறைவளிக்காது. சட்டத்திற்கு உட்பட்ட செல்வத்தைப் பரம்பரையாகப் பெற்ற டாம் புக்கானன் இந்நாவலில் கேட்ஸ்பியைவிடக் கொடியவனாக இருக்கிறான். அவனுக்கோ எத்தீங்கும் நேரவில்லை. எனவே, குற்றம் பணம் வந்த வழியோடு முடிந்துவிடவில்லை. மனிதனின் மதிப்பை அளக்கும் கோலாகப் பணம் மாறிவிட்ட இடத்தில்தான் கனவு கெடத் தொடங்குகிறது. நாவலின் பக்கங்களோடு அது பிறந்த காலத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது இவ்வுண்மை தெளிவாகும்.

கதையின் அமைப்பு

1922ஆம் ஆண்டுக் கோடைக்காலம். நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டின் வடகரையில், ஒரு சிறு விரிகுடாவின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு குடியிருப்புகள் அமைந்துள்ளன. வெஸ்ட் எக் எனப்படுவது புதிதாகப் பணம் படைத்தோர் வாழும் இடம். ஈஸ்ட் எக் எனப்படுவது தலைமுறை தலைமுறையாகச் செல்வத்தில் திளைத்தோர் வாழும் இடம். கதையைச் சொல்லும் நிக் காரவே, கடன்பத்திரங்கள் விற்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள மத்திய மேற்குப் பகுதியிலிருந்து வந்தவன். மாதம் 80 டாலர் வாடகையில் அவன் அமர்த்திக்கொண்ட சிறுவீட்டிற்கு அருகில்தான் கேட்ஸ்பியின் மாளிகை நிற்கிறது.

அம்மாளிகையில் வார இறுதிதோறும் பெருவிருந்துகள் நடைபெறுகின்றன. அழைக்கப்படாதவர்களும் வந்து உண்டு குடித்து ஆடிச் செல்கின்றனர். விருந்தளிப்பவன் யார் என்பதை அறிந்தவர் ஒருவருமில்லை. அத்தனை ஆரவாரமும் ஒருத்தியின் பொருட்டே நிகழ்கிறது. 1917இல் லூயிவில் நகரில் இளம் படை அதிகாரியாக இருந்தபோது கேட்ஸ்பி காதலித்த டெய்சி என்பவளே அவள். அவன் போருக்குச் சென்றான். அவனிடம் பொருள் இல்லை. அவள் 1919 ஜூன் மாதத்தில் சிகாகோச் செல்வன் டாம் புக்கானனை மணந்துகொண்டாள். அவள் வாழும் வீட்டிற்கு நேர் எதிரே வரவேண்டும் என்பதற்காகவே கேட்ஸ்பி அம்மாளிகையை வாங்கினான். இரவுகளில் கரையில் நின்று, எதிர்க்கரையில் அவளது படகுத்துறையின் முனையில் எரியும் பச்சை விளக்கை அவன் நோக்கிக்கொண்டிருப்பான்.

பின்னர் இருவரும் சந்திக்கின்றனர். சிலநாள் அக்கனவு பலித்ததுபோலத் தோன்றுகிறது. ஆனால், கோடையின் வெப்பம் மிகுந்த ஒருநாளில் டாமும் கேட்ஸ்பியும் நேருக்கு நேர் மோதுகின்றனர். டெய்சி தடுமாறித் தன் பழைய பாதுகாப்பிற்கே திரும்புகிறாள். வீடு திரும்பும் வழியில் அவள் ஓட்டிவந்த கேட்ஸ்பியின் மஞ்சள் நிறக் கார், டாமின் கள்ளக்காதலியான மிர்ட்டில் வில்சனை மோதிக் கொல்கிறது. பழியைக் கேட்ஸ்பி தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். மிர்ட்டிலின் கணவன் ஜார்ஜ் வில்சன் உண்மை அறியாமல் கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்று, தானும் மடிகிறான். விருந்துகளில் நிறைந்திருந்த நூற்றுக்கணக்கானோருள் அடக்கத்திற்கு வந்தவர் ஒருசிலரே. டாமும் டெய்சியும் முகவரிகூடத் தராமல் ஊரைவிட்டு அகன்றுவிடுகின்றனர்.

கனவின் பழைய வேர்

'அமெரிக்கக் கனவு' என்னும் தொடர் இந்நாவலோடு எப்போதும் இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால், நாவல் வெளிவந்த காலத்தில் அத்தொடர் பரவலாக வழங்கவில்லை. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் 1931இல் வெளியிட்ட நூலின் வழியாகவே அது நாடெங்கும் பரவியது. அவர் கூடத் தாம் குறிப்பது கார்களையும் உயர்ந்த ஊதியத்தையும் பற்றிய கனவன்று என்று தெளிவுபடுத்தினார். பிறப்பால் எந்நிலையினராயினும் ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ற முழு வளர்ச்சியை அடையக்கூடிய சமுதாயமே அவர் கருதிய கனவு.

அக்கனவின் வேர் மிகப் பழையது. 1723இல் பதினேழு வயது இளைஞனாகச் சிறிதளவு பணத்தோடு பிலடெல்பியாவில் வந்திறங்கிய பெஞ்சமின் பிராங்கிளின், அச்சுத்தொழிலால் உயர்ந்து, அறிவியலாளராகவும் அரசியல் அறிஞராகவும் விளங்கினார். 1771இல் எழுதத் தொடங்கிய தன் வரலாற்றில், தாம் பயில முயன்ற 13 நற்பண்புகளையும் அன்றாட நேரப் பட்டியலையும் அவர் பதிவு செய்துள்ளார். அப்பட்டியலின்படி, அன்று என்ன நன்மை செய்யலாம் என்ற கேள்வியோடு அவரது காலை தொடங்கும். என்ன நன்மை செய்தோம் என்ற கேள்வியோடு மாலை முடியும். உழைப்பும் சிக்கனமும் அங்கே அறத்தின் கைக்கருவிகளாக இருந்தன.

1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தில் தாமஸ் ஜெபர்சன் மனிதனின் பிறப்புரிமைகளைக் குறிப்பிடும்போது, உயிரையும் உரிமையையும் அடுத்து, மகிழ்ச்சியை நாடும் உரிமையை வைத்தார். ஆங்கில மெய்யியலார் ஜான் லாக் உடைமையை வைத்த இடம் அது. ஆனால், அச்சொற்களை வரைந்த ஜெபர்சனே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதை மறத்தலாகாது. 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் அளித்தது. பூர்வகுடிகள் இழந்த மண்ணே அது. தூய பொற்காலம் என ஒன்று இருந்ததில்லை. ஆயினும், தன் உழைப்பால் தலைநிமிரலாம் என்ற நம்பிக்கை இலட்சக்கணக்கானோரை வாழவைத்தது என்பதும் உண்மையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நம்பிக்கையின் நிறம் மாறியது. இருப்புப்பாதை, எண்ணெய், எஃகு ஆகியவற்றால் பெருஞ்செல்வர்கள் எழுந்தனர். மார்க் டுவெயினும் சார்லஸ் டட்லி வார்னரும் 1873இல் எழுதிய நாவலின் தலைப்பே அக்காலத்திற்குப் 'பொன்முலாம் பூசிய காலம்' என்ற பெயரைத் தேடித்தந்தது. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்ற எல்லைக்கோடு என்று சொல்லத்தக்க ஒன்று இனி இல்லை என அறிவித்தது. புதுநிலம் தேடிச் சென்று புதுவாழ்வு தொடங்கும் வழி அடைபட்டது. அதன்பின் ஏழை இளைஞனின் கண்கள் மேற்கு நோக்கி மண்ணைத் தேடாமல், கிழக்கு நோக்கி நகரத்துப் பணத்தைத் தேடின. நாவலின் முதன்மை மாந்தர் பலரும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்களாக அமைந்திருப்பது இவ்வரலாற்றோடு பொருந்துவதாகும்.

மதுவிலக்கும் பணப்பெருக்கும்

முதல் உலகப்போரில் ஐரோப்பா தளர்ந்தது. அமெரிக்கா கடன் கொடுக்கும் நாடாக உயர்ந்தது. போர்க்காலத்தில் அரசு விற்ற கடன்பத்திரங்கள் எளிய மக்களையும் பத்திரச் சந்தைக்குப் பழக்கின. அதன் தொடர்ச்சியாகவே நிக் போன்ற இளைஞர்கள் பத்திரத் தொழிலை நாடி வந்தனர். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு ஆதாயம் தருவதாகக் கூறி ஆயிரக்கணக்கானோரை ஏமாற்றினார். உழைப்புக்கும் ஊதியத்துக்கும் இடையிலிருந்த கட்டு அறுந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அது 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. குடும்பங்களைக் காக்கும் நன்னோக்கத்தோடு இயற்றப்பட்ட சட்டம், கள்ளமது வணிகர்களுக்குப் பெருஞ்செல்வத்தைக் கொடுத்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம் என்ற விதிவிலக்கும் இருந்தது. கேட்ஸ்பியும் அவன் கூட்டாளி வுல்ஃப்ஷீமும் மருந்துக்கடைகள் பலவற்றை வாங்கி, அவற்றின் மறைவில் சாராயம் விற்றனர் என்று டாம் வெளிப்படுத்தும் செய்தி, அக்காலத்தில் உண்மையாகவே திறந்திருந்த ஒரு வழியைக் காட்டுகிறது. வுல்ஃப்ஷீம் பாத்திரத்திற்கு முன்மாதிரி, நியூயார்க்கின் சூதாட்டத் தலைவர் ஆர்னால்டு ராத்ஸ்டீன். 1919ஆம் ஆண்டு பேஸ்பால் இறுதிப் போட்டிகளில் வேண்டுமென்றே தோற்கச் சிகாகோ அணியினர் பணம் வாங்கிய ஊழலில் அவர் பெயரும் அடிபட்டது. நாடே நம்பிப் பார்த்த விளையாட்டும் விலைபோனதை நாவலாசிரியர் போகிற போக்கில் சுட்டிச் செல்கிறார்.

சட்டத்தை மீறியவர்களின் நிலை இதுவெனில், சட்டத்தை ஆண்டவர்களின் நிலை என்ன? 1922இல், அதாவது கதை நிகழும் அதே ஆண்டில், உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் பால், கடற்படைக்கென ஒதுக்கப்பட்டிருந்த எண்ணெய் வயல்களைத் தனியார்க்குக் குத்தகைக்கு விட்டார். அதற்குக் கையூட்டுப் பெற்றார் என்ற வழக்கில் 1929இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1931இல் சிறை சென்றார். நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெல்லனோ நாட்டின் மிகப்பெரும் செல்வர்களுள் ஒருவர். அவர் பதவிக்காலத்தில் உயர் வருமானத்தின்மீது விதிக்கப்பட்ட வரி 73 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதே காலத்தில் போர்க்கால விலை சரிந்ததால் உழவர்கள் கடனில் மூழ்கினர். கேட்ஸ்பியின் பெற்றோர் வடக்கு டகோட்டாவின் வெற்றி காணாத உழவர்கள் என்று நாவல் கூறுவது பொருள் பொதிந்ததாகும்.

கேட்ஸ்பியின் கனவு தடம் மாறிய இடம்

கேட்ஸ்பியின் இயற்பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். அவன் இறந்தபின் அடக்கத்திற்கு வந்த தந்தை, மகன் சிறுவனாக இருந்தபோது வைத்திருந்த ஒரு கதைப்புத்தகத்தை நிக்கிடம் காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாளிட்ட ஒரு நேரப் பட்டியல் இருக்கிறது. அதிகாலையில் எழுதல், உடற்பயிற்சி, மின்னியல் படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி, புதுக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய ஆராய்ச்சி என்று சிறுவன் தன் நாளைப் பகுத்திருக்கிறான். அதன் கீழே, புகைப்பதை விடுதல், வாரம் ஒரு நல்ல நூல் படித்தல், பணம் சேமித்தல் முதலிய உறுதிமொழிகள் உள்ளன. சேமிப்புத் தொகையை ஐந்து டாலர் என்று எழுதி, அடித்துவிட்டு, மூன்று டாலராகக் குறைத்திருக்கிறான். ஏழைச் சிறுவனின் நேர்மையான கணக்கு அது. இறுதி உறுதிமொழி, பெற்றோரிடம் இன்னும் நல்லவனாக நடந்துகொள்ள வேண்டும் என்பதாகும்.

இப்பட்டியல் பிராங்கிளினின் பட்டியலை நினைவூட்டுவது. ஒற்றுமையோடு வேற்றுமையும் இங்கே கருதத்தக்கது. பிராங்கிளினின் நாளைத் தொடங்கி முடித்த நன்மை பற்றிய கேள்வி சிறுவனின் நேரப் பட்டியலில் இடம்பெறவில்லை. தன்னை உயர்த்திக்கொள்ளும் முயற்சியே அதில் நிறைந்திருக்கிறது. ஆயினும் பெற்றோரைப் பற்றிய அந்த ஒருவரியில் அறம் இன்னும் உயிரோடு இருந்தது. கெடாத கனவின் கடைசிச் சுவடு அது.

பதினேழு வயதில், சுப்பீரியர் ஏரிக்கரையில் டான் கோடி என்ற முதியவனின் உல்லாசப் படகைக் கண்டபோது அவன் வாழ்க்கை திரும்பியது. சுரங்கச் செல்வத்தால் கொழுத்து, குடியால் தளர்ந்தவன் கோடி. முன்னோடிக் குடியேறிகள் வந்த வழியிலேயே வந்து சீர்கெட்ட தலைமுறையின் சின்னம் அவன். அப்படகைக் கண்ட கணத்திலேயே ஜேம்ஸ் கேட்ஸ் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொண்டான். தந்தை இட்ட பெயரைத் துறந்தபோது, பெற்றோரைப் பற்றிய உறுதிமொழியும் அவனிடமிருந்து நழுவத் தொடங்கிவிட்டது. பின்னாளில் அவன் தந்தைக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால், தன் வரலாற்றைச் சொல்லும்போது பெற்றோர் இறந்துவிட்டதாகவும், தான் செல்வக் குடும்பத்தில் பிறந்தவன் என்றும் கூறினான். பணத்தால் கடனைத் தீர்த்தான்; உறவை மறைத்தான். கோடியோ தன் உயிலில் அவனுக்கு 25,000 டாலர் எழுதிவைத்தும், அத்தொகை அவனுக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் நுணுக்கம் செல்வாக்குள்ளவர் பக்கமே சாயும் என்ற பாடத்தையே அவன் கற்றுக்கொண்டான்.

டெய்சியைக் காதலித்தபோது அவன் கனவு முழுவதும் ஒரு பெண்ணின்மீது குவிந்தது. அவளை இழந்ததற்குக் காரணம் பணமின்மை என்று அவன் முடிவு செய்தான். ஆகவே, பணம் வந்துவிட்டால் இழந்த காலமும் திரும்ப வரும் என்று நம்பினான். இவ்விடத்தில்தான் கனவு தடம் மாறுகிறது. அன்பை மீட்க அவன் கையாளும் மொழி பொருளின் மொழியாகிவிடுகிறது. ஐந்தாண்டு கழித்துத் தன் மாளிகைக்கு வந்த டெய்சியிடம் அவன் மனத்தைத் திறந்து காட்டவில்லை, அறைகளைக் காட்டினான், இங்கிலாந்திலிருந்து வருவித்த வண்ண வண்ணச் சட்டைகளை அள்ளி எறிந்து காட்டினான். அவளும் அவனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அச்சட்டைகளில் முகம் புதைத்து அழுதாள். காதலின் உச்சமாக இருக்கவேண்டிய காட்சி, துணிகளின் நடுவே நிகழ்கிறது. அவளது குரலில் ஒலிப்பது பணமே என்று பின்னொருநாள் அவனே நிக்கிடம் சொல்கிறான். உண்மையைக் கண்டும் அவனால் விலக முடியவில்லை.

அவன் நூலகத்தைப் பற்றிய செய்தியும் இங்கே எண்ணத்தக்கது. விருந்தாளி ஒருவர் அங்கிருந்த நூல்களை எடுத்துப் பார்த்து, அவை வெற்று அட்டைகள் அல்ல, உண்மையான நூல்களே என்று வியக்கிறார். ஆனால், அவற்றின் தாள்கள் பிரிக்கப்படாமலேயே இருந்தன. வாரம் ஒரு நல்ல நூல் படிக்க உறுதி பூண்ட சிறுவன், செல்வனான பின்பு படிக்காத நூல்களால் சுவரை அழகுபடுத்தியிருக்கிறான். பொருள்மயமான வாழ்வு ஒரு கனவை எவ்வாறு உள்ளீடற்றதாக்கும் என்பதற்கு இதனினும் நுண்ணிய சான்று வேண்டியதில்லை.

பரம்பரைச் செல்வத்தின் கொடுமை

கேட்ஸ்பியிடம் குறைந்தபட்சம் ஒரு கனவு இருந்தது. டாம் புக்கானனிடம் கனவே இல்லை; உடைமை மட்டுமே உண்டு. திருமணத்திற்கு முன்னாளில் அவன் டெய்சிக்கு அளித்த முத்துமாலையின் விலை 350,000 டாலர் என்று நாவல் குறிப்பிடுகிறது. ஹென்றி போர்டு 1914இல் தம் தொழிற்சாலையில் அறிவித்து உலகையே வியக்கவைத்த நாள் ஊதியம் 5 டாலர். அக்கணக்கின்படி அம்மாலை 70,000 நாள் உழைப்புக்குச் சமம். ஆண்டுக்கு 300 நாள் வீதம் ஒரு தொழிலாளி 230 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலே அத்தொகை கைகூடும். அம்மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி டெய்சி ஒருநாள் அழுகிறாள். கேட்ஸ்பியின் கடிதம் அன்று அவள் கையில் நனைந்து கரைகிறது. மறுநாள் அதே மாலையோடு டாமை மணக்கிறாள். எனவே, பொருளால் கெட்டது கேட்ஸ்பியின் கனவு மட்டுமன்று. டெய்சியின் மனமும் அன்றே விலைபேசப்பட்டது.

டாம் தன் செல்வத்திற்கு ஒரு கொள்கையும் தேடிக்கொள்கிறான். வெள்ளை இனம் பிற இனங்களால் மூழ்கடிக்கப்படும் என்று அஞ்சும் ஒரு நூலை அவன் பெருமையோடு பேசுகிறான். லாத்ராப் ஸ்டாடர்டு 1920இல் வெளியிட்ட இனவெறி நூலைத் திரித்துக் காட்டும் குறிப்பு அது. அந்நூலையும் பின்னர் இந்நாவலையும் வெளியிட்டது ஒரே பதிப்பகம் என்பது வியப்புக்குரியது. இக்கருத்துகள் விருந்து மேசையோடு நின்றுவிடவில்லை. 1923இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பகத்சிங் திண்டு என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. 1924இல் ஆசியக் குடியேற்றத்திற்கு ஏறத்தாழ முழுமையாகக் கதவடைக்கும் சட்டம் வந்தது. எல்லார்க்கும் உரியது எனப் பேசப்பட்ட கனவுக்கு வாயிற்காவலர் அமர்த்தப்பட்ட காலம் அது. டாமின் கண்ணில் கேட்ஸ்பியும் வாயிலுக்கு வெளியே நிற்பவனே. எவ்வளவு பணம் சேர்த்தாலும், 'எங்கிருந்தோ வந்தவன்' என்ற முத்திரை அவனை விட்டு நீங்கவில்லை.

நாவலுக்குப் பிட்ஸ்ஜெரால்டு முதலில் எண்ணியிருந்த தலைப்புகளுள் ஒன்று 'டிரிமால்கியோ' என்பதாகும். முதலாம் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியசின் படைப்பில், அடிமை நிலையிலிருந்து விடுபட்டுப் பெருஞ்செல்வனாகி, ஆரவார விருந்துகள் நடத்தும் ஒருவனின் பெயர் அது. விருந்துண்டவர்களே அவனை எள்ளி நகையாடுவர். பேரரசுகள் மாறினாலும் புதுப்பணக்காரனைப் பழஞ்செல்வர் நோக்கும் பார்வை மாறவில்லை.

சாம்பல் வெளி

வெஸ்ட் எக்குக்கும் நியூயார்க்குக்கும் இடையில் ஒரு சாம்பல் வெளி இருக்கிறது. செல்வர்களின் கார்களும் இரயிலும் அதனைக் கடந்தே நகருக்குச் செல்லவேண்டும். அங்கே மங்கிய விளம்பரப் பலகையொன்றில் ஒரு கண் மருத்துவரின் பெருங்கண்கள் மட்டும் நோக்கிக்கொண்டிருக்கின்றன. மனைவியை இழந்த துயரில் ஜார்ஜ் வில்சன் அவ்விளம்பரக் கண்களையே கடவுளின் கண்களாகக் கருதிப் பேசுகிறான். வழிபடும் இடத்தையும் வணிகம் பிடித்துக்கொண்டது என்பதே இதன் குறிப்பு.

இவ்விடம் வெறுங்கற்பனையன்று. புரூக்ளின் வீடுகளின் அடுப்புகளில் எரிந்த நிலக்கரியின் சாம்பல், குயின்ஸ் பகுதியின் கொரோனாச் சதுப்பு நிலத்தில் மலைபோல் கொட்டப்பட்டது. 1922 முதல் 1924 வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக் என்னும் ஊரில் வாழ்ந்த பிட்ஸ்ஜெரால்டு அவ்வழியே பலமுறை சென்றவர். பின்னர் அம்மேடுகள் அகற்றப்பட்டு, 1939இல் அங்கே உலகக் கண்காட்சி நடைபெற்றது. இன்று அது ஒரு பெரும் பூங்கா.

சாம்பல் வெளியில் வாழும் வில்சன் கார் பழுதுபார்க்கும் தொழிலாளி. டாமின் பழைய காரை வாங்கி விற்றுச் சிறிது ஆதாயம் காணலாம் என்று அவன் நாள்தோறும் காத்திருக்கிறான். டாமோ அவ்வாசையைக் காட்டியே அவன் மனைவியைக் கவர்ந்துகொள்கிறான். இறுதியில் ஒரு செல்வனின் காரே அவளைக் கொல்கிறது. கார் அக்காலத்தின் கண்கண்ட கனவு. 1920இல் சுமார் 8 மில்லியனாக இருந்த அமெரிக்கக் கார்களின் தொகை 1929இல் சுமார் 23 மில்லியனாக உயர்ந்தது. தவணை முறையில் வாங்கும் வழக்கமும் அதனோடு வளர்ந்தது.

அந்தக் கார்களின் சக்கரங்களைப் பின்தொடர்ந்து சென்றால் அவை மலாயாவின் தோட்டப்புறங்களில் வந்து நிற்கும். அன்று உலகில் விளைந்த இரப்பரில் பாதிக்கும் மேற்பட்டதை அமெரிக்காவே வாங்கியது. அவ்விரப்பரில் பெரும்பங்கு, விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் வழியாகச் சென்றது. கதை நிகழும் 1922ஆம் ஆண்டின் நவம்பரில், விலை வீழ்ச்சியைத் தடுக்கப் பிரிட்டிஷ் அரசு மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாவல் வெளியான 1925இல் இரப்பர் விலை விண்ணை எட்டியது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் சினந்து, லைபீரியாவிலும் பிரேசிலிலும் தமக்கெனத் தோட்டங்கள் தேடினர். மலாயாவிலும் இலாபம் கொழித்தது. ஆனால், அது பங்குதாரரைச் சேர்ந்த அளவுக்குப் பால்வாளி சுமந்தவரைச் சேரவில்லை. கேட்ஸ்பியின் மஞ்சள் காருக்குப் பின்னால் நாவலில் பேசப்படாத வேறொரு சாம்பல் வெளியும் இருந்தது.

கனவு கலைந்த காலம்

பிட்ஸ்ஜெரால்டு தாம் எழுதிய நோயை வெளியிலிருந்து பார்த்தவரல்லர். 1896இல் மினசோட்டாவில் பிறந்த அவர், 1918இல் படை அதிகாரியாக அலபாமாவில் இருந்தபோது நீதிபதியின் மகளான செல்டாவைக் காதலித்தார். போதிய வருவாய் இல்லாமையால் அவள் 1919 ஜூனில் மண உறுதியை முறித்தாள். நாவலில் டெய்சி டாமை மணப்பதும் அதே ஜூன் மாதமே. முதல் நாவல் 1920 மார்ச்சில் வெளிவந்து புகழ் தந்தது; ஏப்ரலில் திருமணம் நடந்தது. அதன்பின் வருவாய் பெருகியது. செலவு அதனை விஞ்சியது. ஆண்டுக்கு 36,000 டாலர் ஈட்டியும் பற்றாமற்போன கதையை அவரே 1924இல் ஒரு நகைச்சுவைக் கட்டுரையாக எழுதினார். தம் காலத்தின் மயக்கத்தில் தாமும் மயங்கி, அதே வேளையில் அம்மயக்கத்தைத் தெளிவாகப் பதிவுசெய்தது அவரது தனித்திறன்.

1929 அக்டோபர் இறுதியில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் 381ஆக இருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41ஆக வீழ்ந்தது. 1929இல் 5 மில்லியனைக் கடந்த அமெரிக்க வாகன உற்பத்தி 1932இல் சுமார் 1.3 மில்லியனாகச் சுருங்கியது. 1933இல் உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தார். அமெரிக்கச் சக்கரங்கள் நின்றபோது மலாயாவில் இரப்பர் விலையும் சரிந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் ஊதியம் குறைக்கப்பட்டும் வேலை இழந்தும், தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விருந்தில் பங்கு பெறாதவர்களும் விருந்தின் கடனைச் செலுத்த நேர்ந்தது.

நாவல் தன் காலத்தில் பெரிதாக விற்பனையாகவில்லை. 1940 டிசம்பர் 21ஆம் நாள், 44ஆம் வயதில் பிட்ஸ்ஜெரால்டு இறந்தபோது, 1925இல் அச்சிட்ட இரண்டாம் பதிப்பின் படிகள்கூட முழுமையாக விற்றுத் தீரவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கெனச் சுமார் 155,000 படிகள் அச்சிட்டு வழங்கப்பட்ட பின்னரே அதன் புகழ் வளரத் தொடங்கியது. மண்ணை விட்டுப் பிரிந்து, சாவை எதிர்நோக்கியிருந்த இளைஞர்கள் கேட்ஸ்பியின் கனவையும் அதன் முடிவையும் தம்முடையதாக உணர்ந்தனர் போலும். 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமெரிக்காவில் அந்நூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்து, அது பொதுவுடைமையாயிற்று.

முடிவுரை

பொருள் வேண்டாம் என்று இந்நாவல் போதிக்கவில்லை. வில்சனின் வறுமையை அது போற்றவில்லை. அவ்வறுமை அவனைக் கொலைகாரனாக்கியதையே காட்டுகிறது. உயர விரும்பிய சிறுவனின் முயற்சியையும் அது பழிக்கவில்லை. உயர்வு எதற்காக என்ற கேள்வி எப்போது மறைந்தது என்பதையே அது தேடுகிறது. அக்கேள்வி மறைந்த பின், கள்ளவழியில் வந்த பணமும் நேர்வழியில் வந்த பணமும் ஒரே வகையான வெறுமையில் கொண்டுபோய் நிறுத்தின. ஒருவன் கனவோடு அழிந்தான். மற்றொருவன் கனவே இன்றிப் பிழைத்தான். அவர்களுக்கிடையே சிக்கிய எளியவர் இருவர் உயிரிழந்தனர்.

மாணவர்க்கு இந்நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர், பச்சை விளக்கு எதன் குறியீடு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ஜேம்ஸ் கேட்ஸ் என்ற சிறுவன் எழுதிய பட்டியலை அவர்கள் முன் வைக்கவேண்டும். அதில் எந்த வரியைக் காப்பாற்றியிருந்தால் அவன் கேட்ஸ்பியாக மடிந்திருக்கமாட்டான் என்று கேட்கவேண்டும். மின்னியல் படிப்பையும் பேச்சுப் பயிற்சியையும் சேமிப்பையும் பலர் சுட்டுவர். பெற்றோரைப் பற்றிய கடைசி வரியைச் சுட்டும் மாணவன், நாவலை மட்டுமன்றி, அறத்தை முதலில் வைத்து நூல் செய்த வள்ளுவரையும் உணர்ந்தவனாவான்.